யார் மெஷினில் ஓடுகிறது? சேர்ந்து கோட் எழுத உட்காரும் முன்

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோடில் வேலை செய்ய இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. விஎஸ் கோட் வைத்திருப்பவர்களுக்கு லைவ் ஷேர், ஜெட்பிரெய்ன்ஸ் பக்கம் கோட் வித் மீ, கூட்டு வேலைக்காகவே கட்டப்பட்ட ஸெட், கமாண்ட் அடிக்கும் டெர்மினல் திரையை விட்டு வெளியே வராதவர்களுக்கு டிமக்ஸும் டிமேட்டும். எதை எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் கர்சர் நிறம், விலை, எந்த எடிட்டர் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: கோட் யாருடைய மெஷினில் ஓடப்போகிறது? பாஸ்வேர்ட் ஃபைல் எங்கே கிடக்கிறது, டெஸ்ட் எங்கே ஓடும், கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் மாற்றத்தைப் பதியும் கமிட் யார் பெயரில் போகும், நெட் அறுந்தால் யார் வேலை நிற்கும் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தவை. செஷன் நடுவில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதை யோசிக்காமல் தொடங்குவதால் வருகின்றன.

எழுத்து மோதாது, கோட் மோதும்

ஒரே வரியில் இரண்டு பேரும் ஒரே நொடியில் அடித்தால் குழம்பிவிடாதா என்று பலர் தயங்குகிறார்கள். அது எப்போதோ தீர்ந்த பிரச்சினை. எப்படித் தீர்த்தார்கள் என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்த்துவிடலாம்.

ஃபைலில் 'படம்' என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் இது நான்கு குறியீடுகள்: ப, ட, ம, புள்ளி. எண்ணிக்கை 0-இல் தொடங்கும் என்பதால் ட இருப்பது 1-ஆம் இடம். ஒருவர் முன்னால் 'ஒரு' என்று சேர்த்து ஒரு இடைவெளியும் விடுகிறார். அதே நேரத்தில் இன்னொருவர் ட-வை அழிக்கிறார். '1-ஆம் இடத்தை அழி' என்ற செய்தி முதலாமவர் மெஷினுக்கு வந்து சேரும்போது அங்கே 1-ஆம் இடத்தில் இருப்பது ர. அப்படியே அழித்தால் 'ஒரு' சிதைந்துபோகும், ட அங்கேயே நிற்கும். ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் முறையில், முன்னால் நான்கு குறியீடுகள் நுழைந்திருப்பதைக் கணக்கிட்டு 1 என்பதை 5 என்று மாற்றி அழிப்பார்கள். எல்லிஸும் கிப்ஸும் 1989-இல் எழுதிய வழி இது. கூகுள் டாக்ஸ் இந்த வழியில்தான் நடக்கிறது. சிஆர்டிடி முறையில் இட எண்ணையே நம்புவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நிரந்தர அடையாளம் ஒன்று கொடுத்து, 'இன்ன அடையாளம் உள்ள எழுத்தை அழி' என்று சொல்வார்கள். 2017-இல் ஆட்டம் எடிட்டருக்கு வந்த டெலிடைப் இந்த முறை. ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் அடுத்துக் கட்டிய ஸெட்டும் இதே முறைதான்.

இரண்டு முறைகளும் தரும் உத்தரவாதம் ஒன்றுதான்: கடைசியில் எல்லார் திரையிலும் ஒரே எழுத்து இருக்கும். அந்த எழுத்து கம்பைல் ஆகும் என்று எந்த அல்காரிதமும் சொல்லவில்லை. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார், மற்றவர் அதே நேரத்தில் வேறொரு ஃபைலில் பழைய பெயரிலேயே அதைக் கூப்பிடுகிறார். இரண்டு திரையிலும் அச்சு அசலாக ஒரே கோட், இரண்டு பக்கமும் எரர். ரீநேம், ஃபைல் நகர்த்தல் போன்ற பெரிய மாற்றங்களின்போது ஒருவர் மட்டும் கீபோர்டைத் தொட வேண்டும் என்று வாயால் சொல்லி வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வழி கிடையாது.

அன்டூவை மட்டும் முன்பே சோதித்துப் பாருங்கள். கன்ட்ரோல்-இஸட் அழுத்தினால் உங்கள் கடைசி மாற்றம் போகிறதா, அல்லது யார் செய்திருந்தாலும் கடைசி மாற்றம் போகிறதா என்பது கருவிக்குக் கருவி மாறும். காலி ஃபைல் ஒன்றைத் திறந்து, மாற்றி மாற்றி ஆளுக்கு மூன்று வரி அடித்து, ஒருவர் மட்டும் மூன்று முறை அன்டூ செய்தால் தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. தெரியாமல் இறங்கினால் மற்றவர் எழுதிய பத்து வரி காணாமல் போகலாம்.

லைவ் ஷேர்: ஹோஸ்டின் மெஷினே எல்லாம்

மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரில் அறிவித்து, 2018 மே மாதம் பொது முன்னோட்டமாக விட்டது லைவ் ஷேர். தன் கோடைப் பகிர்பவர் ஹோஸ்ட், வந்து சேர்பவர் கெஸ்ட். இதில் கெஸ்டுக்கு ரெப்போவை (கிட்டில் உள்ள கோட் களஞ்சியத்தை) குளோன் செய்ய வேண்டியதில்லை, எக்ஸ்டென்ஷனைத் தவிர எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஃபைல்கள் ஹோஸ்டிடம்தான் இருக்கும். கெஸ்ட் ஒரு ஃபங்ஷனின் மூலத்துக்குத் தாவினால் அந்தக் கேள்வி, கோடைப் படித்து எடிட்டருக்கு விளக்கும் ஹோஸ்டின் லாங்வேஜ் சர்வருக்குப் போய் பதில் திரும்பி வரும். டெஸ்ட் ஓடுவதும் டீபகர் நிற்பதும் ஹோஸ்டின் மெஷினில். ஹோஸ்ட் செஷனை மூடினால் கெஸ்டிடம் எதுவும் மிஞ்சாது. ஆகவே இருவரில் நல்ல மெஷினும் நிலையான நெட்டும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஹோஸ்டாக இருக்க வேண்டும். வேலை (டிக்கெட்) யார் பெயரில் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

தொடங்குவது எளிது. இருவரும் எக்ஸ்டென்ஷனைப் போட்டு மைக்ரோசாஃப்ட் அல்லது கிட்ஹப் கணக்கில் நுழைய வேண்டும். ஹோஸ்ட் 'ஷேர்' அழுத்தியதும் லிங்க் கிளிப்போர்டில் வந்துவிடும். அதை அனுப்பினால் மற்றவர் சேர்ந்துகொள்ளலாம். 30 கெஸ்டுகள் வரை சேரலாம் என்றாலும், மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அடிக்கும் செஷனால் உருப்படியாக எதுவும் நடக்காது.

நெட்வொர்க்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் 'மெதுவாக இருக்கிறது' என்ற புகாருக்குக் காரணம் பிடிபடும். கனெக்‌ஷன் மோட் என்ற செட்டிங் இயல்பாக 'ஆட்டோ'வில் இருக்கும். முதலில் இரண்டு மெஷின்களும் நேரடியாகப் பேச முயலும். அதற்கு ஹோஸ்ட் பக்கம் 5990 முதல் 5999 வரையுள்ள போர்ட்களில் ஒன்று திறக்கும். முதல்முறை ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது பலர் யோசிக்காமல் 'கேன்சல்' அழுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் நடுவில் நின்று கைமாற்றும் கிளவுட் ரிலே வழியாக 443 போர்ட்டில் சுற்றி வரும். சோதிக்க வேண்டுமானால் செட்டிங்கை 'டைரக்ட்' என்று மாற்றிவிட்டுச் சேர்ந்து பாருங்கள். சேர முடியவில்லை என்றால் இதுவரை ரிலேயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் ரிலே தவிர்க்க முடியாதது, அதில் தவறும் இல்லை. போக்குவரத்து முழுக்க என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது. ஆபீஸ் பிராக்ஸி எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் இடங்களில் ரிலேயும் தடுமாறும். அங்கே நெட்வொர்க் குழுவிடம் கேட்டு லைவ் ஷேர் டொமைன்களை விலக்குப் பட்டியலில் போடச் சொல்ல வேண்டும். எடிட்டரில் எதைத் திருகினாலும் சரியாகாது.

இனி ரகசியங்கள். ரெப்போவின் வேரில் புள்ளியில் தொடங்கும் விஎஸ்எல்எஸ்.ஜேசன் என்ற ஃபைலை வைத்து, கெஸ்டுக்கு எது தெரியலாம் என்று சொல்லலாம். இதில் 'மறை' என்பதும் 'விலக்கு' என்பதும் தனித்தனி. மறைத்த ஃபைல் கெஸ்டின் ஃபைல் மரத்தில் தெரியாது, அவ்வளவுதான். ஹோஸ்ட் அதைத் திறக்க, கெஸ்ட் பின்தொடர்ந்துகொண்டிருந்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். விலக்கிய ஃபைல் எந்த வழியிலும் திறக்காது. கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் உள்ளவை இயல்பாக மறைக்கப்படும், விலக்கப்படாது. பாஸ்வேர்ட் போன்றவை இருக்கும் என்வி ஃபைலை மரத்தில் காணோம் என்று நிம்மதியாக இருக்கும் ஹோஸ்ட், நடுவில் ஒரு வேரியபிளைச் சரிபார்க்க அதைத் திறந்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எல்லாருக்கும் போய்விடும். என்வி ஃபைல்கள், சாவி ஃபைல்கள் இரண்டையும் 'விலக்கு' பட்டியலில் வெளிப்படையாகப் போடுங்கள். கிட்இக்னோர் முழுவதையும் விலக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரும் சேர்ந்து விலகிவிடும், டீபக் செய்யும்போது லைப்ரரிக்குள் நுழைய முடியாது. அந்த வழியே வேண்டுமானால் விலக்குப் பட்டியலில் அந்த ஃபோல்டர் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு அதை மட்டும் மீட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எழுதும் அனுமதியோடு ஒரு டெர்மினலைப் பகிர்ந்த நொடியில் இந்த ஏற்பாடு முழுவதும் செல்லாது. கெஸ்ட் அடிக்கும் கமாண்ட் ஹோஸ்டின் யூசராக ஓடுகிறது. ஃபோல்டருக்கு வெளியே உள்ள எஸ்எஸ்எச் சாவி (வேறு மெஷின்களுக்குள் நுழையும் சாவி), கிளவுட் கணக்கின் கிரெடென்ஷியல், ஷெல் ஹிஸ்டரி எல்லாம் கைக்கு எட்டும். டெர்மினலைப் பார்க்கும் அனுமதியோடு மட்டும் பகிருங்கள். கெஸ்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால் எடிட்டரையே மெஷினின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைக்கும் டெவ் கன்டெய்னருக்குள் ஓடவிட்டு அங்கிருந்து பகிருங்கள். அந்தக் கன்டெய்னருக்குள் ஹோம் டைரக்டரியை மவுன்ட் செய்யாமல் இருந்தால் சேதத்துக்கு எல்லை உண்டு.

லோக்கல் சர்வரைப் பகிரும் வசதியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஹோஸ்டின் 3000 போர்ட்டைப் பகிர்ந்தால் கெஸ்டின் லோக்கல்ஹோஸ்டிலும் அதே 3000-இல் அது வரும். கெஸ்டின் மெஷினில் ஏற்கெனவே ஏதாவது அந்தப் போர்ட்டைப் பிடித்திருந்தால் வேறு எண்ணில் வரும். பக்கம் திறக்கும், ஆனால் லாகின் மட்டும் வேலை செய்யாது. லாகின் முடிந்து திரும்பி வர வேண்டிய முகவரி (ஓஆத் கால்பேக்) 3000 என்று பதிவாகியிருப்பதுதான் காரணம். லாகின் கோடில் தேடி நேரத்தை வீணாக்கும் முன் கெஸ்ட் பிரவுசரின் முகவரிப் பட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

ஆட்டோசேவை செஷனுக்கு முன் அணைத்துவிடுங்கள். விஎஸ் கோடில் தாமத சேவ் முறையின் இயல்பான இடைவெளி 1000 மில்லிசெகண்ட். இரண்டு பேர் அடிக்கும்போது யாராவது ஒருவரின் பாதி வரி எப்போதும் சேவ் ஆகிக்கொண்டே இருக்கும். டெவ் சர்வர் ஒவ்வொரு முறையும் ரீலோட் ஆகி சிவப்பு எரர் திரையைக் காட்டும், சேவ் ஆனதும் டெஸ்டை ஓட்டும் டெஸ்ட் வாட்ச்சர் விடாமல் ஓடும். சேவ் ஆகும்போது கோடை ஒழுங்காக அடுக்கும் ஃபார்மேட்டர் ஓடும்படி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஒருவர் சேவ் செய்ததும் மற்றவர் அடித்துக்கொண்டிருக்கும் வரி மடங்கி நகர்ந்துவிடும், அவர் கர்சர் எங்கோ நிற்கும். ஃபார்மேட்டரை கமிட்டின்போது தானாக ஓடும் கமிட் ஹூக்குக்குத் தள்ளிவிடுங்கள். அதேபோல் ஹோஸ்ட் செஷன் நடுவில் பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) மாற்றக் கூடாது. கெஸ்ட் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களின் அடியில் உள்ளடக்கமே மாறிவிடும். சேவ் ஆகாத மாற்றம் பழைய பிராஞ்சுக்கா புதியதற்கா என்று யாருக்கும் தெரியாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வாயால் சொல்லி, எல்லாரும் கையை எடுத்து, சேவ், கமிட், பிறகு மாற்றம்.

டிமக்ஸ்: ஷெல்லையே கொடுப்பது

ஒரே டெர்மினலை இருவரும் பார்த்து அடிக்க விடும் கருவி டிமக்ஸ். இருவரும் விம் அல்லது ஈமேக்ஸ் எடிட்டர்காரர்கள் என்றால் டிமக்ஸைவிடக் குறைந்த செலவில் நடக்கும் கூட்டு வேலை கிடையாது. போவது எழுத்து மட்டும், அதனால் மோசமான நெட்டிலும் தாக்குப்பிடிக்கும். ஒரே யூசர் கணக்கில் இருவரும் எஸ்எஸ்எச் செய்து ஒரே செஷனில் அட்டாச் ஆவது எளிய வழி. வெவ்வேறு யூசர்களாக வர வேண்டுமானால் டிமக்ஸின் இணைப்பு வாசலான சாக்கெட்டை இருவரும் எட்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனில் அந்தப் பாதையைக் கொடுத்து செஷனைத் தொடங்குங்கள். இருவரும் உள்ள ஒரு குரூப்புக்கு சாக்கெட்டை மாற்றி, குரூப்புக்கு எழுதும் அனுமதி கொடுங்கள். பழைய வழிகாட்டிகள் இத்தோடு முடிந்துவிடும், இன்று அப்படியே செய்தால் இரண்டாமவரால் உள்ளே வர முடியாது. 3.3 பதிப்பிலிருந்து டிமக்ஸுக்குத் தனியாக அனுமதிப் பட்டியல் உண்டு. சர்வர்-ஆக்சஸ் கமாண்டில் சின்ன ஏ ஆப்ஷனோடு அந்த யூசர் பெயரைச் சேர்க்க வேண்டும். பார்க்க மட்டும் என்றால் ஆர் ஆப்ஷன். இரண்டு பூட்டும் திறந்தால்தான் கதவு திறக்கும்: ஃபைல் அனுமதி ஒன்று, இந்தப் பட்டியல் மற்றொன்று.

திரை அளவு அடுத்த தொல்லை. ஒருவர் பெரிய மானிட்டரிலும் மற்றவர் லேப்டாப்பிலும் இருந்தால், சிறிய அளவுக்குச் சுருக்கி மீதியைப் புள்ளிகளால் நிரப்புவது டிமக்ஸின் பழைய வழக்கம். இப்போது கடைசியாக யார் அடித்தாரோ அவர் திரைக்கு ஏற்ப மாறுகிறது, அதனால் ஆள் மாறும்போதெல்லாம் விம் ஜன்னல்கள் குதிக்கும். விண்டோ-சைஸ் ஆப்ஷனை 'ஸ்மாலஸ்ட்' என்று வைத்துவிட்டால் குதிப்பது நிற்கும். ஒருவர் டெஸ்ட் ஜன்னலையும் மற்றவர் கோட் ஜன்னலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாமவர் வெறுமனே அட்டாச் ஆகாமல், அதே செஷனைக் குறிவைத்து டி ஆப்ஷனோடு புதிய செஷன் தொடங்க வேண்டும். ஜன்னல்கள் பொதுவாக இருக்கும், எந்த ஜன்னலில் நிற்பது என்பது அவரவர் விருப்பம். இது தெரியாமல் 'டிமக்ஸில் ஒரே இடத்தைத்தான் இருவரும் பார்க்க முடியும்' என்று கைவிட்டவர்கள் நிறைய.

எஸ்கேப் அழுத்தினால் விம் அரை நொடி யோசிக்கிறதா? பழைய பதிப்புகளில் எஸ்கேப்-டைம் 500 மில்லிசெகண்ட். 10 என்று குறையுங்கள்.

பாதுகாப்பில் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். விருந்தினரின் சாவிக்கு 'இந்த கமாண்ட் மட்டும்' என்று எஸ்எஸ்எச்சில் கட்டுப்பாடு வைத்து, அந்தக் கமாண்டாக டிமக்ஸ் அட்டாச்சைக் கொடுத்தால் பூட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள். டிமக்ஸுக்குள் போனவர் புதிய ஜன்னல் திறந்தால் முழு ஷெல்லும் அவருடையது. அதைவிட மோசமானது ஏஜென்ட் ஃபார்வர்டிங், அதாவது உங்கள் எஸ்எஸ்எச் சாவியை அந்த மெஷினிலிருந்தும் பயன்படுத்த விடுவது. உங்கள் லேப்டாப்பிலிருந்து ஏஜென்ட்டை முன்னனுப்பி அந்தச் செஷனைத் திறந்திருந்தால், உள்ளே இருக்கும் யாரும் உங்கள் சாவியால் எந்த சர்வருக்கும் நுழையலாம், உங்கள் அடையாளத்தில் புஷ் செய்யலாம். சேர்ந்து வேலை செய்யும் மெஷினுக்கு ஏஜென்ட்டை அனுப்பாதீர்கள். அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் செல்லும் டிப்ளாய் கீ வைத்துக்கொள்ளுங்கள்.

டிமேட் இதே வேலையை ஒரு கமாண்டில் செய்துவிடும். தொடங்கியதும் எழுத ஒரு லிங்க், பார்க்க மட்டும் ஒரு லிங்க், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். அவசரத்துக்கு அருமையான கருவி. ஆனால் எஸ்எஸ்எச் இணைப்பு நடுவில் உள்ள சர்வரில் முடிந்து அங்கிருந்து மீண்டும் தொடங்குகிறது, அந்த சர்வருக்கு உங்கள் திரை தெரியும். வாடிக்கையாளர் டேட்டா புரளும் டெர்மினலில் பொது சர்வரைப் பயன்படுத்தாதீர்கள். சர்வர் மென்பொருளும் ஓப்பன் சோர்ஸ்தான், சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம்.

இருவர் மெஷினும் வேண்டாம் என்றால்

தொடர்ந்து சேர்ந்து வேலை செய்யும் குழுவுக்கு என் பரிந்துரை மூன்றாவது மெஷின். ஒரு விர்ச்சுவல் மெஷின், அதில் ரெப்போ, டெவ் டேட்டாபேஸ், போலி டேட்டா. உண்மையான ரகசியம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் எழுதும் அனுமதி கொடுக்கப் பயப்படத் தேவையில்லை, யாருடைய லேப்டாப் தூங்கினாலும் செஷன் சாகாது.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே விம்மை இருவரும் பார்த்தால் ஒரு லாங்வேஜ் சர்வர் போதும். ஆளுக்கொரு எடிட்டர் திறந்தால் ஆளுக்கொரு லாங்வேஜ் சர்வர் ஓடும், ரஸ்ட் மொழிக்கான ரஸ்ட் அனலைசர் போன்றவை பெரிய திட்டத்தில் பல ஜிபி மெமரி கேட்பவை. இங்கே வரும் ஒரு எரர் எல்லாரையும் திசைதிருப்பும்: வாட்ச்சர் தொடங்கும்போது 'டிஸ்கில் இடமில்லை' என்று சொல்லும், டிஸ்கைப் பார்த்தால் பாதி காலியாக இருக்கும். தீர்ந்தது டிஸ்க் இல்லை, ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபையின் வாட்ச் எண்ணிக்கை. பழைய கெர்னல்களில் இதன் இயல்பான வரம்பு 8192, அது ஒரு யூசருக்கு மொத்தமாக. இருவரும் ஒரே கணக்கில் இருந்து இரண்டு எடிட்டர், டெவ் சர்வர், டெஸ்ட் வாட்ச்சர் என்று ஓட்டினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். சிஸ்கன்ட்ரோலில் மேக்ஸ் யூசர் வாட்ச்சஸ் மதிப்பை 524288 ஆக உயர்த்துங்கள்.

அந்த மெஷினை எந்த ஊரில் வைப்பது என்பதும் முக்கியம், ஏனென்றால் டிமக்ஸில் நீங்கள் அடிக்கும் எழுத்து அங்கே போய்த் திரும்பிய பிறகுதான் திரையில் தெரியும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு நேர்தூரமே சுமார் 13,700 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆக போய்வர 137 மில்லிசெகண்டுக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் நேராகப் போவதில்லை என்பதால் நடைமுறையில் 200-ஐத் தாண்டும். 100-ஐத் தாண்டினாலே அடிப்பவருக்கு எழுத்து பின்தங்குவது உறைக்கும். மும்பையிலோ சிங்கப்பூரிலோ வைத்தால் இந்தியாவில் இருப்பவருக்கு நிம்மதி. மறுமுனை அமெரிக்கா என்றால் யார் அதிகம் அடிக்கப்போகிறாரோ அவருக்குப் பக்கத்தில் வையுங்கள். லைவ் ஷேர், ஸெட் வகையில் நீங்கள் அடிப்பது உங்கள் எடிட்டரில் உடனே தெரிந்து பிறகுதான் மற்றவருக்குப் போகிறது, அதனால் தூரம் இந்த அளவுக்குக் கடிக்காது. டிமக்ஸ்தான் வேண்டும், தூரமும் அதிகம் என்றால் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ். அடித்த எழுத்தை ஊகித்து உடனே காட்டும், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறுபடாது. யுடிபி 60000 முதல் 61000 வரை சர்வரில் திறந்திருக்க வேண்டும். கிளவுட் ஃபயர்வாலில் இதை மறப்பதால்தான் 'மோஷ் கனெக்ட் ஆகவில்லை' என்ற புகார் பெரும்பாலும் வருகிறது.

ஸ்கிரீன் ஷேர் மட்டும் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வீடியோ கோடெக்குகள் வழக்கமாக நிறத் தகவலைக் கால்வாசி நுணுக்கத்தில்தான் அனுப்பும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து மறுமுனையில் மங்குவது அதனால்தான், நெட் வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகமுள்ள தீம், 18-க்குக் குறையாத ஃபான்ட் அளவு, இரண்டும் போதும்.

தமிழ் இருக்கும் ஃபைல்கள்

தமிழ் இடைமுகம் உள்ள மென்பொருளில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 15 பைட். லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் இயல்பாக யூடிஎஃப்-16 அலகில் இடத்தைக் கணக்கிடுகிறது, அந்தக் கணக்கில் 5. சொந்தமாக பிளக்இன் எழுதுபவர் பைட் எண்ணிக்கையை அனுப்பிவிட்டால் ஆங்கில வரிகளில் எல்லாம் சரியாக இருக்கும், தமிழ் ஸ்டிரிங் உள்ள வரியில் மட்டும் மற்றவரின் கர்சர் பத்து இடம் தள்ளி நிற்கும். திருத்தமும் தவறான இடத்தில் விழும்.

டெர்மினலில் பிரச்சினை வேறு மாதிரி. இகரக் குறி தனி இடம் பிடிக்கும் குறி என்றும், புள்ளி இடம் பிடிக்காத குறி என்றும் யூனிகோட் வகைப்படுத்துகிறது. ஈகாரக் குறியும் புள்ளியின் வகையே. டிமக்ஸ் ஒரு கணக்குப் போட, வெளியே உள்ள டெர்மினல் வேறு கணக்குப் போட்டால் அந்த வரி முழுவதும் நகர்ந்து, அழித்த எழுத்தின் மிச்சம் திரையில் தொங்கும். இருவரும் வெவ்வேறு டெர்மினல் வைத்திருந்தால் ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குக் குலைந்தும் தெரியும். தமிழ் வாசகங்களைக் கோடுக்குள் வைக்காமல் தனி மொழி ஃபைலில் வைத்து, அந்த ஃபைலை மட்டும் டிமக்ஸில் தொடாமல் லைவ் ஷேர் போன்றவற்றில் திருத்துங்கள்.

அங்கேயும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது எழுத்து உறுதியாகும் வரை எடிட்டர் அதைத் தற்காலிகமாக வைத்திருக்கும். அந்த நேரத்தில் அதே வரியில் இன்னொருவரின் மாற்றம் வந்து விழுந்தால் பாதி எழுத்து உறைந்துபோகலாம், இரட்டிக்கலாம். ஒருவர் தமிழ் தட்டும்போது மற்றவர் அந்த வரியை விட்டு விலகி இருக்க வேண்டும்.

நெட்டே சரியில்லை என்றால்

நேரலையாக இணைப்பதை விட்டுவிட்டு கிட் வழியாகக் கைமாற்றுங்கள். மாப் என்ற சின்னக் கமாண்ட்லைன் கருவி இதற்காகவே இருக்கிறது. 'மாப் ஸ்டார்ட் 10' என்றால் தற்காலிக பிராஞ்ச் ஒன்று உருவாகி 10 நிமிட டைமர் ஓடும். நேரம் முடிந்ததும் 'மாப் நெக்ஸ்ட்'; இருப்பதெல்லாம் கமிட் ஆகி புஷ் ஆகிவிடும். அடுத்தவர் தன் மெஷினில் ஸ்டார்ட் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கடைசியில் 'மாப் டன்' அந்தத் துண்டு கமிட்களை எல்லாம் ஒன்றாக்கி மூலப் பிராஞ்சில் ஸ்டேஜ் செய்து வைக்கும், கமிட் மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். அவரவர் எடிட்டர், அவரவர் கீபோர்ட், போகிறது சில கேபி டேட்டா. ஒரே ஜாக்கிரதை: நெக்ஸ்ட் கிட்டில் சேராத புதிய ஃபைல்களையும் அள்ளிக்கொண்டு போகும். பரிசோதனைக்காக ஃபோல்டரில் போட்ட டோக்கன் ஃபைல் கிட்இக்னோரில் இல்லாவிட்டால் ரிமோட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

எந்த வழியில் வேலை செய்தாலும் பேச்சை எடிட்டரோடு கட்டாதீர்கள். குரலுக்குத் தனி அழைப்பு, முடிந்தால் தனி சாதனம். எடிட்டர் இணைப்பு அறுந்தாலும் 'அறுந்துவிட்டது, மறுபடி லிங்க் அனுப்புகிறேன்' என்று சொல்ல ஒரு வழி இருக்கும். நெட் நெருக்கடி என்றால் முதலில் கேமராவை அணையுங்கள், குரலைக் கடைசி வரை காப்பாற்றுங்கள்.

முடிக்கும்போது

கமிட் ஹோஸ்ட் பெயரில்தான் போகும். உடன் எழுதியவர் பெயர் வர வேண்டுமென்றால் கமிட் செய்தியின் கடைசியில் ஒரு காலி வரி விட்டு 'கோ-ஆதர்ட்-பை' வரியைச் சேர்க்க வேண்டும், பெயருக்குப் பின் கோண அடைப்பில் ஈமெயில். பலர் என்றால் ஆளுக்கொரு வரி, அந்த வரிகளுக்கிடையில் காலி வரி கூடாது. ஈமெயில் அவர் கிட்ஹப் கணக்கில் உள்ளதாக இருந்தால்தான் அவர் பெயரில் கணக்காகும். லைவ் ஷேரில் இதைத் தானே நிரப்பும் செட்டிங் உண்டு. பாதி வேலையைப் பார்த்தவர் பெயர் வரலாற்றில் இல்லாமல் போவது நியாயமில்லை. எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேமை ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கும் கேள்வி கேட்க இன்னொரு ஆள் தெரிந்திருக்கும்.

பிறகு செஷனை மூடுங்கள். ஜன்னலை மூடினால் போதாது. லைவ் ஷேரில் ஹோஸ்ட் 'ஸ்டாப்' அழுத்த வேண்டும். டிமக்ஸில் டிடாச் செய்தால் சர்வர் உயிரோடுதான் இருக்கும், அதனால் கில்-சர்வர் கொடுத்து, சாக்கெட் போய்விட்டதா என்று பார்த்து, விருந்தினர் சாவியை ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைலிலிருந்து நீக்குங்கள். செஷன் நடுவில் ஏதாவது டோக்கனோ பாஸ்வேர்டோ ஒரு நொடி திரையில் தெரிந்திருந்தாலும், பார்த்தவர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும், அன்றே அதை மாற்றிவிடுங்கள். அழைப்பு ரெக்கார்ட் ஆகியிருந்தால் அது அந்த வீடியோவிலும் இருக்கிறது.